அனுமதி பெறாத ரத்தம்

பணிமனையில் அவரை எல்லோரும் நிதானம் என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் பணிப்பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. அதை வெளியே எடுக்கும் அவசியம் இருபத்தாறு வருடத்தில் யாருக்கும் வரவில்லை. அவர் ஓட்டும் பேருந்தில் நின்றுகொண்டு வருகிறவர்கள் கம்பியைப் பிடிக்காமலே தூங்கலாம் என்று அவருடைய வண்டியின் நடத்துநர் சொல்வாள். கொஞ்சம் மிகைதான். ஆனால் அவர் பிரேக்கை மிதிப்பது, தூங்கிவிட்ட குழந்தையைத் தோளிலிருந்து இறக்கிப் படுக்கவைப்பது போலத்தான் இருக்கும்.

பதினோரு வருடமாக அவருக்குச் சர்க்கரை நோய். காலையில் ஒரு ஊசி, இரவில் ஒரு ஊசி. ஆரம்பத்தில் விரலில் குத்தி ரத்தம் பார்க்கும்போது நட்ட நடு நுனியில் குத்திக்கொள்வார். ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற இடம் அதுதான். நாள் முழுக்க வலிக்கும். ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், சர்க்கரையே இல்லாத அவர் மனைவி தன் பத்து விரலிலும் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நுனியில குத்தாதீங்க. ஓரத்துல குத்தினா வலிக்கல. நான் எல்லா விரல்லயும் பாத்துட்டேன்” என்றாள்.

அன்றிலிருந்து அவள்தான் தினமும் காலையில் விரலின் ஓரத்தில் குத்திப் பார்ப்பாள். எண்ணைச் சொல்லுவாள். அதற்குத் தகுந்தபடி அவர் சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட ஐந்து மிட்டாய்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவார். வண்டியில் ஏறியதும் கண்ணை மூடி, “ஆண்டவனே, இத்தனை பேரையும் இறக்கி விடற வரைக்கும் என் கையை நீ பிடிச்சுக்கோ” என்பார். பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட ஆண்டவன் கையை விட்டதில்லை. மிட்டாயும் தீர்ந்ததில்லை.

அப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த விஷயத்தை ஒழுங்குபடுத்துவது என்று நிர்வாகம் முடிவெடுத்தது.

கூட்ட அறையில் சர்க்கரை உள்ள ஓட்டுநர்கள் பதின்மூன்று பேரை உட்காரவைத்து, நலப் பிரிவு அதிகாரி பேசினார். வயது முப்பதைத் தாண்டாது. கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள் தொங்கின. ஒன்றில்கூட அவர் சிரிக்கவில்லை.

“இன்னியிலிருந்து உங்க உடம்பைப் பத்தி நீங்க கவலைப்பட வேண்டாம்” என்றார். “உங்களுக்கு எப்படி இருக்குன்னு நாங்க உங்களுக்குச் சொல்லுவோம்.”

அதிகாரி மேசையில் வைத்தது ஒரு வட்ட வில்லை. காகிதத்தில் அதற்குத் தொடர் சர்க்கரை உணர்வி என்று பெயர். ஓட்டுநர்கள் அன்று மாலைக்குள் அதைப் பொத்தான் ஆக்கிவிட்டார்கள். மேல் கையில் ஒட்டிக்கொண்டால், மயிர் போன்ற ஒரு இழை தோலுக்குள் போய் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரையைப் பார்த்துக் கைபேசிக்கும் அலுவலகத் திரைக்கும் சொல்லும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிது மாற்ற வேண்டும். எழுபதுக்குக் கீழே போனால் திரை சிவப்பு: வண்டியை உடனே நிறுத்த வேண்டும். அதற்கு மேல் இருந்தால் பச்சை: வண்டி ஓட வேண்டும்.

நிதானம் எழுந்து நின்று, அப்படியானால் விரலில் குத்திப் பார்ப்பது என்ன ஆகும் என்று கேட்டார்.

“பணி நேரத்துல அது தடை” என்றார் அதிகாரி. “ஒரு வண்டிக்கு ரெண்டு ஸ்டீயரிங் இருக்கலாமா? அதே மாதிரிதான் ஒரு ஆளுக்கு ரெண்டு எண்ணும்.”

எல்லோரும் கைதட்டினார்கள். நிதானமும் தட்டினார். உண்மையில் அவருக்கு அந்தப் பொத்தானைப் பிடித்துத்தான் இருந்தது. விஞ்ஞானம் படித்தவர்கள் ராப்பகலாக உட்கார்ந்து தன் போன்றவனுக்காக இதைச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது கண் லேசாகக் கலங்கியது. எந்தக் கையில் ஒட்டுவது என்று யாரோ கேட்டார்கள். ஜன்னல் பக்கத்துக் கையில் என்று விதி. சாலையில் நிற்கும் பரிசோதகர் வண்டியில் ஏறாமலே, ஓட்டுநர் பொத்தான் போட்டிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ள அது வசதி.

முதல் நான்கு நாள் ஒரு தொல்லையும் இல்லை. ஐந்தாம் நாள் பெரிய நாற்சந்தி நெரிசலில் கால் மணி நேரமாக நின்றிருந்தபோது கைபேசி அலறியது. ஐம்பத்து நான்கு. சிவப்பு. நிதானத்துக்கு வியர்க்கவில்லை, கை நடுங்கவில்லை, பசிகூட இல்லை. ஆனாலும் விதி விதிதான். வண்டியை ஓரம் கட்டினார். அலுவலகத்திலிருந்து ஒரு ஜீப் வந்து அவரை நோயாளியைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனது. பயணிகள் நாற்பது பேர் வெயிலில் இறங்கி, மாற்று ஓட்டுநர் வரும்வரை அவரைத் திட்டிக்கொண்டு நின்றார்கள்.

பணிமனையில் இதற்கென்று ஒரு சன்னல் திறந்திருந்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பீப்பாய். அதில் ரோஜா நிறத்தில் வெதுவெதுப்பாக ஒரு திரவம். மீட்புப் பானம் என்று ஒட்டியிருந்தது. சிவப்பு விழுந்தவர்கள் இரண்டு டம்ளர் குடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். குழாய் வாயில் எறும்புகள் மொய்த்தன. எறும்புகளுக்கு யாரும் பொத்தான் ஒட்டவில்லை. அவை தாமாகவே சரியான இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தன.

முதல் டம்ளரிலேயே அவருக்குக் குமட்டியது. பல்லில் பசை மாதிரி ஒட்டியது அந்தத் தித்திப்பு. எனக்கு ஒன்றும் இல்லை, விரலில் ஒருமுறை குத்திப் பார்க்கட்டுமா என்று சன்னல்காரரிடம் கெஞ்சினார். சன்னல்காரர் நல்ல மனிதர். இரண்டாம் டம்ளரில் எறும்பை எடுத்துவிட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்குப் போனதும் மனைவி விரலின் ஓரத்தில் குத்தினாள். முந்நூற்று முப்பத்தெட்டு.

“எங்கயாவது கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்தீங்களா?” என்று கேட்டாள்.

“ஆபீசுக்குத்தான் போனேன்” என்றார் நிதானம்.

மூன்று வாரத்தில் ஒன்பது தடவை இப்படி நடந்தது. ஒன்பது தடவையும் இரண்டு இரண்டு டம்ளர். கண் மங்கியது, காலில் எரிச்சல் வந்தது, ராத்திரி நாலு தடவை எழுந்து போக வேண்டியிருந்தது. சர்க்கரை குறையாமல் காப்பாற்றும் திட்டம் அவருடைய சர்க்கரையை வானத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தது.

மர்மத்தைக் கண்டுபிடித்தவள் நடத்துநர். அவளுக்கு அவரை இரண்டு அடி தூரத்தில் வைத்து நாள் முழுக்கப் பார்க்கிற வேலை.

“அண்ணே, நீங்க கையை ஜன்னல் விளிம்புல வச்சு அழுத்திட்டு உக்காந்தா மட்டும்தான் இது கத்துது” என்றாள். “எடுத்தா கொஞ்ச நேரத்துல வாயை மூடிக்குது.”

இருபத்தாறு வருடப் பழக்கம் அது. சிக்னலிலோ நெரிசலிலோ வண்டி நின்றால் அவருடைய மேல் கை தானாகப் போய் ஜன்னல் விளிம்பில் சாயும். பொத்தான் அந்த இடத்தில்தான் நசுங்கிக்கொண்டிருந்தது. கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இருவரும் சோதித்துப் பார்த்தார்கள். கால் மணி நேரம் கையை அழுத்திவைத்தார். எண் நூற்று முப்பதிலிருந்து அறுபத்தொன்றுக்கு இறங்கியது. கையை எடுத்தார், பொறுமையாக ஏறி வந்தது. நிதானத்துக்கு மனம் லேசாகிவிட்டது. தவறு யார்மேலும் இல்லை. சொன்னால் சரிசெய்து விடுவார்கள். மறுநாளே நடத்துநரையும் கூட்டிக்கொண்டு அதிகாரியைப் பார்க்கப் போனார்.

அதிகாரி முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

“அப்போ உங்க சர்க்கரையை நீங்களே அழுத்திக் குறைக்கிறீங்கன்னு ஒத்துக்கறீங்க?”

“சர்க்கரை குறையல சார். எண்ணுதான் குறையுது.”

“எங்ககிட்ட இருக்கறது எண்ணு மட்டும்தானே” என்றார் அதிகாரி. குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. பிறகு, புரியாத பிள்ளைக்குச் சொல்வது போல விளக்கினார். “இங்க பாருங்க. இந்தக் கருவி ஒருநாள் அறுபது குறைச்சுக் காட்டும். இன்னொரு நாள் அறுபது கூட்டிக் காட்டும். ரெண்டையும் சேத்துப் பாத்தா வித்தியாசம் எவ்வளவு? பூஜ்யம். சராசரியா பாத்தா நீங்க ரொம்ப நல்லா இருக்கீங்க.”

“நான் ஒவ்வொரு நாளாத்தான சார் வண்டி ஓட்டறேன்” என்றார் நிதானம்.

இதற்குப் பதில் விதிப்புத்தகத்தில் இல்லாததால் அதிகாரி ஒரு குழு அமைத்தார். ஜன்னல் விளிம்பு ஆய்வுக் குழு. ஐந்து பேர் பணிமனைக்கு வந்து, ஓடாத ஒரு வண்டியின் ஜன்னல் விளிம்பை நாடா வைத்து அளந்தார்கள். விளிம்பில் குறை இல்லை, கருவியில் குறை இல்லை, குறை இரண்டுக்கும் நடுவே இருக்கும் கையில்தான் என்று அறிக்கை கொடுத்தார்கள். அதன்படி சர்க்கரை உள்ள ஓட்டுநர்கள் இனி ஜன்னல் பக்கத்து முழங்கையை உடம்பிலிருந்து ஒரு சாண் விலக்கி, தூக்கியபடியே ஓட்ட வேண்டும் என்று ஆணை வந்தது.

பதின்மூன்று ஓட்டுநர்கள் ஒரு பக்கச் சிறகை விரித்த கோழிகளைப் போல நகரத்தில் வண்டி ஓட்டினார்கள். எதிரே வருகிறவர்கள், ஓட்டுநர் வணக்கம் வைக்கிறார் என்று நினைத்துப் பதிலுக்குக் கையை ஆட்டினார்கள். நிதானத்தின் தோள்பட்டை இறுகிப்போனது. ஆனாலும் சிவப்பு விழுவது நின்றது. ரோஜா நிறத் தண்ணீர் நின்றது. போதும், இதுவே பெரிய கருணை என்று அவர் இருந்துவிட்டார்.

பொத்தானுக்கு இன்னொரு குணம் உண்டு என்று அவருக்கு அப்போது தெரியாது. புதிதாக ஒட்டிய முதல் நாள் அது இடம் தெரியாத புது வாடகைக்காரர் மாதிரி. யார் வீட்டுக் கதவையாவது தட்டும். அதுவும் தவிர, அது பார்ப்பது ரத்தத்தையே அல்ல. தோலுக்கு அடியில் ஊறும் நீரை. ரத்தத்தில் நடந்த சேதி அந்த நீருக்கு வந்து சேரக் கால் மணி நேரம்கூட ஆகும். சர்க்கரை வேகமாக இறங்கும்போது திரையில் தெரிகிற மனிதர் கால் மணி நேரத்துக்கு முந்தைய மனிதர்.

இந்த விவரமெல்லாம் பொத்தான் வந்த பெட்டிக்குள்ளேயே ஒரு தாளில் அச்சடித்துத்தான் இருந்தது. சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பாருங்கள் என்றுகூட அதில் எழுதியிருந்தது. பெட்டிகளை அலுவலகம் பிரித்து, பொத்தானை ஓட்டுநர்களுக்குக் கொடுத்து, தாள்களைக் கோப்பில் வைத்துக்கொண்டது. தாள்கள் பத்திரமாக இருந்தன.

புதுப் பொத்தான் ஒட்டிய ஒரு காலைப் பொழுது. பெரிய மருத்துவமனைக்குப் போகும் வழித்தடம். வண்டி நிறையக் கூட்டம். முன் இருக்கையில் ஒரு கர்ப்பிணிப் பெண் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேம்பாலம் ஏறும்போது நிதானத்துக்கு மேலுதட்டில் வியர்த்தது. எதிரே இருந்த பெயர்ப் பலகையின் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன. கைபேசியைப் பார்த்தார். நூற்றுப் பதினெட்டு. பச்சை.

ஒரு விநாடி அவர் அந்தப் பச்சையை நம்பினார். அந்த ஒரு விநாடியைப் பின்னால் நினைக்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு சிலிர்க்கும். படித்தவர்கள் செய்தது, தன்னைவிட அதற்குத் தெரியும் என்று நினைத்தார். அப்புறம் முன்னே போகும் லாரி இரண்டாகத் தெரிந்தது. ஆண்டவனே, கையைப் பிடிச்சுக்கோ என்று முணுமுணுத்தபடி பாலத்தின் ஓரமாக வண்டியை உருட்டிக் கொண்டுபோய் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்தார்.

நடத்துநர் ஓடி வந்து, அவர் சாப்பாட்டுப் பையில் ஒளித்து வைத்திருந்த, சர்க்கரை பார்க்கும் சின்ன மிஷினை எடுத்து அவர் விரலில் குத்தினாள். நாற்பத்தாறு. மிட்டாயின் தாளைப் பிரிக்க அவர் கையால் முடியவில்லை. அவளே பிரித்து ஒவ்வொன்றாக வாயில் போட்டாள். பயணிகளில் ஒருவர்கூடத் திட்டவில்லை. அந்தக் கர்ப்பிணிப் பெண் எழுந்து வந்து தன் புடவைத் தலைப்பால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

நினைவு தெளிந்ததும் அவர் செய்த முதல் காரியம், அலுவலகத்துக்குப் பேசி மாற்று ஓட்டுநரைக் கேட்டது. இந்த நிலையில் தான் ஓட்டுவது சரியில்லை என்றார். திரையைப் பார்த்துவிட்டு வந்தது பதில்: பச்சைதான் காட்டுகிறது, வண்டியை எடுங்கள்.

“நான் எடுக்க மாட்டேன்” என்றார் நிதானம். இருபத்தாறு வருடத்தில் அவர் அலுவலகத்துக்குச் சொன்ன முதல் மாட்டேன் அதுதான்.

பயணிகள் இறங்கி நடந்து போனார்கள். கர்ப்பிணிப் பெண்ணை நடத்துநர் வேறொரு வண்டியை மறித்து ஏற்றிவிட்டாள். மூன்றாம் நாள் குற்றச்சாட்டுக் கடிதம் வந்தது. குற்றம்: பச்சையில் நின்றது.

விசாரணை நலப் பிரிவிலேயே நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. நிதானத்துக்குச் சாட்சியாக நடத்துநர் வந்திருந்தாள். அன்று அவர் ரத்தத்தைத் தொட்டுப் பார்த்த சின்னச் சோதனைப் பட்டையைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து, மிஷினையும் மேசையில் வைத்தாள். நாற்பத்தாறு என்ற எண்ணும், தேதியும் நேரமும் அதில் அப்படியே இருந்தன. அதிகாரி பேனா முனையால் பட்டையைத் தள்ளினார்.

“இது அனுமதி பெறாத ரத்தம்.”

“சார், அது அண்ணனோட ரத்தம்” என்றாள் நடத்துநர்.

“இருக்கலாம்மா. ஆனா எங்க திட்டத்துல சேராத ரத்தம். அதை நான் எப்படிப் பதிவு பண்ண முடியும்?” அவர் சற்று இறங்கி வந்தார். “சரி, உங்க மனசு நோக வேண்டாம். உங்க மிஷின் நாப்பத்தாறுங்குது. எங்க கருவி நூத்திப் பதினெட்டுங்குது. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுங்க. எண்பத்திரண்டு. எண்பத்திரண்டுல யாருக்காவது மயக்கம் வருமா?”

“அந்த வண்டியில நாப்பது பேர் இருந்தாங்க சார்” என்றார் நிதானம். “பாலத்துல இருந்து விழுந்திருந்தா?”

“விழலையே” என்றார் அதிகாரி. “பதின்மூணு ஓட்டுநரும் இன்னிக்கு உயிரோடதான இருக்கீங்க? சராசரியை விடுங்க, மொத்தமாவே இருக்கீங்க. திட்டம் வெற்றின்னு இதைவிட எப்படி நிரூபிக்கறது?”

நடத்துநர் எழுந்து நின்றாள். கையில் இருந்த டிக்கெட் மிஷின் அதிகாரியின் தலைக்கு நேராக இருந்தது. நிதானம் அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தார்.

இறுதி முடிவு வரும்வரை அவரைத் தவறவிட்ட பொருள்கள் அறைக்கு மாற்றினார்கள். பேருந்துகளில் மறந்துபோன குடைகள், ஒற்றைச் செருப்புகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒரு பல்செட். அவற்றுக்கு நடுவே ஒரு நாற்காலி. ஆட்களை ஏற்றி இறக்கி வாழ்ந்த மனிதர், யாரும் தேடி வராத பொருள்களோடு உட்கார்ந்திருந்தார். டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். குடைகளின் கம்பியை நேராக்கினார். அவருக்குத் திரும்ப வேண்டியது ஒன்றே ஒன்று, அந்த ஸ்டீயரிங். ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம் இருந்தது.

“மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தா சேத்துக்குவாங்களா?” என்று மனைவி கேட்டாள்.

“நாப்பது பேரைக் கொல்லாம விட்டதுக்கா?” என்றார். அவர் இப்படிக் கசந்து பேசி அவள் கேட்டதில்லை.

இதற்கிடையில் பணிமனைக்கு ஒரு விருது வந்தது. துல்லியத்துக்கான விருது. பதின்மூன்று ஓட்டுநர்களின் எல்லா எண்களையும் சேர்த்துப் பார்த்ததில், கூடுதலும் குறைவும் ஒன்றை ஒன்று விழுங்கி, பிழை பூஜ்யம் என்று வந்திருந்தது. விழாவுக்கு நிறுவனத்தின் தலைவரே வந்தார். அவருக்கும் சர்க்கரை உண்டு, அவரும் ஊசி போடுகிறவர். திட்டத்தின்மேல் தமக்குள்ள நம்பிக்கையைக் காட்டுவதற்காக அன்று காலையில்தான் ஒரு புதுப் பொத்தானை ஒட்டிக்கொண்டு, கோட்டின் கையை வெட்டி அது வெளியே தெரியும்படி தைத்துப் போட்டிருந்தார். மேடைக்குப் பின்னால் பெரிய திரை. அதில் தலைவரின் சர்க்கரை நேரலையாக ஓடியது. நூற்று நான்கு. பச்சை.

ஊழியர்கள் அனைவரும் வர வேண்டும் என்று ஆணை. நிதானமும் நடத்துநரும் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதம். மதியச் சாப்பாடு விழா முடிந்த பிறகு. தலைவர் காலையில் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தவர், மேடையிலேயே காத்திருந்தார்.

ஒருவழியாகத் தலைவர் பேச எழுந்தார். “துல்லியம்தான் நமது உயிர்” என்றார். கைதட்டல். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். “துல்லியம்தான் நமது உயிர்” என்றார். இன்னும் பலத்த கைதட்டல். மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, “துல்லியம்... நமது துல்லியம்தான்... உயிர்” என்றார். நலப் பிரிவு அதிகாரி எழுந்து நின்றே தட்டினார். தலைவர்கள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வது அந்த அரங்கத்துக்குப் பழக்கமானதுதான். யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

நிதானம் அவருடைய மேலுதட்டைப் பார்த்தார். முத்து முத்தாக வியர்வை. மைக் பிடித்த கை நடுங்கியது.

எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. அந்த ரோஜா நிறத் தண்ணீரின் பிசுபிசுப்பு தொண்டையில் ஏறி வந்தது. பச்சைதானே காட்டுகிறது, பார்க்கட்டும், தன் எண்ணைத் தானே பார்த்துக்கொண்டு நிற்கட்டும் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலைக் கேட்டு அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. தன் நெற்றியைத் துடைத்த புடவைத் தலைப்பு நினைவுக்கு வந்தது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஐந்து மிட்டாயும் இருந்தன.

மேடைப் படியில் அதிகாரி கையை விரித்து மறித்தார். “எங்க போறீங்க? சார் நூத்தி நாலுல இருக்கார்.”

“அவரு விழப் போறாரு சார்.”

“திரையைப் பாருங்க.”

“நீங்க அவரைப் பாருங்க” என்றார் நிதானம், அவரை நகர்த்திவிட்டு மேலே ஏறினார்.

சரியாக அந்த நேரம் தலைவரின் முழங்கால் மடங்கியது. நிதானம் தாங்கிப் பிடித்துத் தரையில் உட்காரவைத்தார். பின்னாலேயே ஏறி வந்த நடத்துநர், தன் பையில் வைத்திருந்த சின்ன மிஷினை எடுத்துத் தலைவரின் விரலில் குத்தினாள். நாற்பத்தொன்று. விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, நிதானம் தாளைப் பிரித்து ஒரு மிட்டாயை வாயில் வைத்தார். மெல்லுங்க, மெல்லுங்க என்று, சாப்பிட அடம் பிடிக்கும் குழந்தையிடம் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே ஐந்தையும் கொடுத்தார். திரையில் நூற்று நான்கு அசையாமல் நின்றது. தலைவர் ஓய்வெடுக்கிறார் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அதற்கும் கைதட்டினார்கள்.

இருபது நிமிடத்தில் தலைவருக்கு முகம் தெளிந்தது. தண்ணீர் கேட்டுக் குடித்தார், கோட்டைச் சரிசெய்தார், எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதுதான் சேதி போய்ச் சேர்ந்த திரை அலறியது. ஐம்பத்தெட்டு. சிவப்பு. அரங்கமே பதறியது. ஆறு பேர் ஓடினார்கள். பீப்பாயையே மேடைக்குத் தூக்கி வந்தார்கள். எனக்கு இப்போது ஒன்றும் இல்லை என்று தலைவர் சொல்லிப் பார்த்தார். திரையைக் காட்டினார்கள். தம்முடைய விதியைத் தாமே மீற முடியாமல், நூறு பேர் முன்னிலையில், எறும்போடு இரண்டு டம்ளர் குடித்துக் கையெழுத்துப் போட்டார்.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நடத்துநர் சொன்னாள். பட்டவருக்குத் தெரியாமல் போகுமா என்றாள். நிதானமும் அப்படித்தான் நம்பினார். ஒரு மாதம் கழித்துத் தலைவரே கூப்பிட்டு அனுப்பியபோது, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார்.

குளிர்ந்த பெரிய அறை. தலைவர் மேசைக்குப் பின்னால் இருந்தார். பக்கத்தில் அதிகாரி நின்று கோப்பைப் படித்தார். விழா நாளில் தலைவரின் சர்க்கரை சராசரியாக இயல்பு நிலையில் இருந்தது. மேடையில் அனுமதியின்றி இனிப்பு வழங்கியதும், அனுமதி பெறாத ரத்தம் எடுத்ததும் கடுமையான மீறல்கள். தலைவரின் பெருந்தன்மையால் அவை மன்னிக்கப்படுகின்றன. பச்சையில் நின்ற குற்றத்துக்காக ஓட்டுநர் தவறவிட்ட பொருள்கள் அறையிலேயே நிரந்தரமாகத் தொடர்வார்.

“விதியை மாத்தினா விருதைத் திருப்பிக் கொடுக்கணும்” என்றார் தலைவர். நிதானத்தின் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார். “புரிஞ்சுக்குவீங்கன்னு நினைக்கறேன்.”

ஆணையை எடுத்து நீட்டினார். வாங்கக் கை நீட்டிய நிதானம் தலைவரின் விரல்களைப் பார்த்தார். கட்டைவிரலைத் தவிர நான்கு நுனியிலும், நட்ட நடுவில், கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். சில காய்ந்தவை. ஒன்று இன்று காலை குத்தியது. நுனி சிவந்து வீங்கியிருந்தது. காகிதத்தை நுனி படாமல் விரல் இடுக்கில் பிடித்திருந்தார். இன்னொரு கையில் பொத்தான், வெட்டித் தைத்த கோட்டின் வழியே எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது.

நிதானத்துக்கு ஒன்பது தடவை குடித்த அத்தனை டம்ளரும் ஒரே நேரத்தில் மேலே வருவது போல இருந்தது. காறித் துப்ப வேண்டும் போல வாய் ஊறியது. அதை விழுங்கினார். ஆணையை வாங்கி நான்காக மடித்து, மிட்டாய் இருந்த பையில் வைத்துக்கொண்டார். கதவு வரை போனார். அங்கே நின்றார்.

திரும்பி வந்து, அதிகாரிக்குக் கேட்காதபடி குனிந்தார்.

“நுனியில குத்தாதீங்க ஐயா” என்றார். “ஓரத்துல குத்துங்க. வலிக்காது.”